இருபது ஆண்டுத் தவணையில் எழுந்த கோபுரம்

பாரிஸ் நகருக்குப் போகாதவர்களுக்கும் ஈபிள் கோபுரத்தைத் தெரியும். சாவிக் கொத்திலும் பிஸ்கட் டின் மூடியிலும் பள்ளிப் பையிலும் அதன் உருவம் உண்டு. நான்கு கால்களை அகட்டி நின்று உச்சியில் ஊசியாக முடியும் ஒரு வடிவத்தைத் தாளில் கிறுக்கிக் காட்டினால், சிறு பிள்ளைகூடப் பெயரைச் சொல்லிவிடும். ஒரு நகரத்துக்கு இதைவிடச் சிறந்த முத்திரை அமைவது கடினம்.

ஆனால், இந்தக் கோபுரம் நிலைத்து நிற்பதற்காகக் கட்டப்பட்டதன்று. 1889-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக எழுந்த இதற்குக் கொடுக்கப்பட்ட தவணை 20 ஆண்டுகள் மட்டுமே. அதுவரை வருமானம் கட்டியவருக்கு. அதன் பின் கோபுரம் நகராட்சிக்குச் சொந்தம். வேண்டாம் என்றால் பிரித்து எடுத்துவிடலாம். கண்காட்சிக்கான போட்டி விதிகளிலேயே, எளிதில் பிரிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். 1909-இன் இறுதியோடு முடிந்திருக்க வேண்டிய ஆயுள், 130 ஆண்டுகளையும் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. எப்படி?

அழகாக இருந்ததால் விட்டுவைத்தார்கள் என்று பலர் நினைப்பதுண்டு. உண்மை அதுவன்று. அழகு என்று பாரிஸ்வாசிகள் ஒப்புக்கொள்வதற்கு வெகு முன்பே, வேறு ஒரு காரணத்தால் அது உயிர் தப்பியது.

காற்று தீர்மானித்த வடிவம்

கோபுரத்துக்குப் பெயர் குஸ்தாவ் ஈபிளுடையது. ஆனால் முதல் வரைபடம் அவருடையதன்று. அவருடைய நிறுவனத்தில் வேலை செய்த மொரீஸ் கெஷ்லன், எமில் நூகியே என்ற இரு பொறியாளர்கள் 1884-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 300 மீட்டர் உயரத் தூண் ஒன்றை வரைந்தார்கள். முதலில் ஈபிள் அதில் பெரிய ஆர்வம் காட்டவில்லை. கட்டடக் கலைஞர் ஸ்தெஃபான் சோவெஸ்த்ர் கால்களுக்கு இடையே வளைவுகளையும் வேறு சில அலங்காரங்களையும் சேர்த்துப் பார்வைக்கு ஒரு லட்சணத்தைக் கொடுத்த பிறகுதான், முதலாளியின் கண் திறந்தது. திறந்ததும் வேகம் பிடித்துவிட்டார். இருவரோடும் சேர்ந்து காப்புரிமை பெற்று, பிறகு அவர்களின் பங்கையும் விலைக்கு வாங்கிக்கொண்டார். உலகம் இன்று உச்சரிப்பது யாருடைய பெயரை என்பதற்கு இந்தச் சிறிய வியாபாரமே காரணம்.

போட்டிக்கு வந்த திட்டங்கள் 107. தேர்வு பெற்ற ஈபிளுக்கு அரசாங்கம் கொடுக்க முன்வந்த தொகை 1.5 மில்லியன் பிராங்க். கோபுரத்துக்கு ஆன செலவோ 7.8 மில்லியன். மீதியை அவரே திரட்ட வேண்டும். நுழைவுக் கட்டணத்தில் அதை மீட்க வேண்டும். இருபது ஆண்டு உரிமை கொடுக்கப்பட்டது அதற்காகத்தான்.

கால்கள் ஏன் அப்படி அகன்று வளைந்து மேலே போய்ச் சேருகின்றன? அலங்காரத்துக்காக அன்று. அவ்வளவு உயரத்தில் கட்டடத்துக்குப் பெரிய எதிரி அதன் எடையன்று, காற்று. காற்று தள்ளும் விசை, மேலிருந்து கீழே வரவரக் கூடிக்கொண்டே போய் அடியில்தான் உச்சத்தை அடைகிறது. அதைத் தாங்க, அடியில் கால்கள் விரிந்திருக்க வேண்டும், மேலே ஒடுங்கலாம். பாலங்கள் கட்டிப் பழகிய ஈபிளின் பொறியாளர்கள் இந்தக் கணக்கைப் போட்டார்கள். கணக்கே வளைவாக வந்து நின்றது. சட்டங்களுக்கு இடையே காற்று புகுந்து போக வழிவிட்டதால், பலத்த காற்றிலும் உச்சி சில சென்டிமீட்டர்தான் அசைகிறது. வெயிலின் ஆட்டம் அதைவிடப் பெரிது. வெயில் படும் பக்கத்து இரும்பு விரிவதால், உச்சி மறுபக்கம் 18 சென்டிமீட்டர் வரைகூடச் சாய்வதுண்டு.

இவ்வளவு உயரமான கோபுரம் உண்மையில் மிக லேசானது. அதன் இரும்புச் சட்டகத்தின் எடை 7,300 டன். அந்த இரும்பு முழுவதையும் உருக்கி, கால்கள் நிற்கும் 125 மீட்டர் சதுரத்தில் ஊற்றினால், 6 சென்டிமீட்டர் கனத்துக்குத்தான் வரும். கணுக்காலுக்குக்கூட எட்டாது! கோபுரத்தை முழுமையாக மூடும் அளவு ஓர் உருளையைக் கற்பனை செய்தால், அதற்குள் அடங்கும் காற்றின் எடை இரும்பின் எடையைவிட அதிகம்.

1887 ஜனவரி 28-ஆம் தேதி மண்ணைத் தோண்டத் தொடங்கினார்கள். 1889 மார்ச் 31-இல் வேலை முடிந்தது. இரண்டு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் சில நாட்களும்! இந்த வேகத்துக்குக் காரணம், வேலையின் பெரும்பகுதி கோபுரம் நின்ற இடத்தில் நடக்கவே இல்லை. 18,000-க்கும் மேற்பட்ட துண்டுகளையும் தனித்தனியே வரைந்து, நகருக்கு வெளியே லெவல்வாவிலிருந்த பட்டறையில் வெட்டித் துளையிட்டு, பொருத்துவதற்காக மட்டும் கொண்டுவந்தார்கள். பொருந்தாத துண்டு திரும்பிப் பட்டறைக்கே போகும். களத்தில் வைத்து அரம் போட்டுத் தேய்க்கும் வழக்கம் கிடையாது. மொத்தம் 2.5 மில்லியன் தறையாணிகள். ஒவ்வொரு தறையாணிக்கும் நான்கு பேர்: ஒருவர் அதைப் பழுக்கக் காய்ச்சுவார், ஒருவர் துளையில் நுழைத்துப் பிடிப்பார், ஒருவர் தலையை வடிவமைப்பார், ஒருவர் சம்மட்டியால் அடிப்பார். சூடு ஆறும்போது ஆணி சுருங்கி, தகடுகளை இறுக்கிக்கொள்ளும்.

இதில் மிக நுட்பமான கட்டம் முதல் தளம். தனித்தனியாகச் சாய்ந்து எழுந்த நான்கு கால்களும் 57 மீட்டர் உயரத்தில் மிகச் சரியாக ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் அதற்கு மேல் எல்லாமே கோணல்தான். ஈபிள் கையாண்ட உபாயத்தில் மணலும் உண்டு. சாய்ந்த கால்களைத் தாங்கிய சாரங்களில் மணல் நிரப்பிய பெட்டிகளை வைத்தார்கள். மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வடியவிட்டால் கால் இறங்கும். கால்களின் அடியில் இருந்த நீரழுத்த ஜாக்கிகளால் உயர்த்தவும் முடியும். 1887 டிசம்பர் 7-ஆம் தேதி முதல் தளத்தில் நான்கு கால்களும் இணைந்தன. அன்றே அந்தக் கோபுரத்தின் வெற்றி உறுதியாகிவிட்டது என்று சொல்லலாம்.

கையெழுத்திட்டு எதிர்த்த கலைஞர்கள்

வெற்றி உறுதியானது பொறியாளர்களுக்கு மட்டும்தான். ஊர் வேறு விதமாகப் பேசியது. அடித்தளம் தோண்டத் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், 1887 பிப்ரவரி 14-ஆம் தேதி, 'லெ தான்' என்ற நாளேட்டில் ஒரு கண்டனக் கடிதம் வெளிவந்தது. கையெழுத்திட்டவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். சிறுகதை மன்னர் மாப்பசான், இசைமேதை குனோ, பாரிஸ் ஓபரா மாளிகையைக் கட்டிய ஷார்ல் கார்னியே, எழுத்தாளர் இளைய டூமா ஆகியோர் அதில் இருந்தனர். உபயோகமற்ற ஒரு இரும்புப் பூதம் தங்கள் நகரத்தின் கற்கட்டடங்களையெல்லாம் சிறுமைப்படுத்திவிடும் என்பது அவர்களின் வாதம்.

அவர்களை இன்று கேலி செய்வது எளிது. அன்றைய நிலையில் அந்த அச்சம் நியாயமானதே. நோத்ரு டாம் தேவாலயத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேற்பட்ட உயரத்தில், கல்லும் சிற்பமும் இல்லாத வெறும் இரும்புச் சட்டம் ஒன்று வீட்டு ஜன்னலுக்கு எதிரே எழுந்தால் யாருக்குத்தான் திகைப்பாக இராது? மாப்பசான் பிற்காலத்தில் அந்தக் கோபுரத்து உணவகத்திலேயே அடிக்கடி சாப்பிட்டார் என்றும், காரணம் கேட்டால், பாரிஸில் கோபுரம் கண்ணில் படாத இடம் அது ஒன்றுதான் என்று சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, இத்தனை காலம் அது நிலைத்திருப்பதற்கு அதிலுள்ள எரிச்சலே காரணம்.

ஈபிள் கொடுத்த பதிலில் ஒரு கருத்து குறிப்பிடத்தக்கது. உறுதிக்கான விதிகளுக்கு உட்பட்டு எழும் வடிவத்துக்குத் தனக்கே உரிய அழகு உண்டு என்று அவர் வாதிட்டார். இந்த வாதம் ஊர் மக்களிடம் எடுபடப் பல பத்தாண்டுகள் ஆயின.

கண்காட்சி திறந்தபோது மக்கள் கலைஞர்களின் பேச்சைக் கேட்கவில்லை. லிஃப்டுகள் இயங்கத் தொடங்கும் முன்னரே ஏறத்தாழ 30,000 பேர் படியேறினார்கள். கண்காட்சி முடிவதற்குள் சுமார் 2 மில்லியன் பேர் வந்து போனார்கள். போட்ட பணம் வெகு விரைவில் திரும்பியது.

ஆனால் புதுமை எத்தனை நாளைக்கு? அடுத்தடுத்த ஆண்டுகளில் கூட்டம் குறைந்தது. 1900-ஆம் ஆண்டு மறுபடியும் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தபோது, கோபுரத்தில் ஏறியவர்கள் சுமார் ஒரு மில்லியன் பேர் மட்டுமே. முதல் கண்காட்சியின்போது வந்ததில் ஏறக்குறைய பாதி. தவணை முடியும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

உயிர் கொடுத்தது உயரமே

இந்த இடத்தில் ஈபிளின் சொந்த வாழ்க்கையையும் கவனிக்க வேண்டும். பனாமா கால்வாய் ஊழல் வழக்கில் சிக்கி, 1893-இல் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்நீதிமன்றம் அதை ரத்து செய்தாலும், மனமொடிந்த அவர் தொழிலிலிருந்து ஒதுங்கினார். அதன் பிறகு அவருக்கிருந்த வேலை ஒன்றே: கோபுரத்துக்கு ஒரு வேலை தேடிக் கொடுப்பது. அழகு என்ற வாதம் நகராட்சியிடம் எடுபடாது என்பதை அவர் நன்றாகவே அறிந்திருந்தார். பயன் இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

தொடக்கத்திலேயே உச்சியில் வானிலை ஆய்வுக்கு இடம் ஒதுக்கியிருந்தார். இரண்டாம் தளத்திலிருந்து பொருள்களை விழவிட்டு, காற்று எவ்வளவு தடுக்கிறது என்று அளந்தார். 1909-இல் கோபுரத்தின் காலடியிலேயே ஒரு காற்றுச் சுரங்க ஆய்வகத்தை நிறுவினார். விமானம் பறக்கத் தொடங்கியிருந்த காலம் அது. அந்த ஆய்வுகளுக்கு நல்ல மதிப்பு இருந்தது. என்றாலும் கோபுரத்தைக் காப்பாற்றியது இவை எதுவுமன்று, கம்பியில்லாத் தந்தி.

1898-இல் எழென் டுக்ரெத்தே என்பவர் கோபுரத்தின் உச்சியிலிருந்து, சுமார் 4 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாந்தியோன் கட்டடத்துக்குக் கம்பியில்லாமல் செய்தி அனுப்பிக் காட்டினார். அலைகள் தொலைதூரம் போக உயரமான அலைக்கம்பம் தேவை. பாரிஸில் 300 மீட்டர் உயரக் கம்பம் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறது! இதைப் பயன்படுத்திக்கொள்ள முன்வந்தவர் கேப்டன் குஸ்தாவ் ஃபெரியே என்ற இராணுவ அதிகாரி. கம்பியில்லாத் தந்தியில் இராணுவத் தலைமைக்கு அப்போது முழு நம்பிக்கை ஏற்பட்டிருக்கவில்லை. சோதனைக்கான செலவைத் தாமே ஏற்பதாக ஈபிள் முன்வந்தார். சில ஆண்டுகளில் கோபுரம் இராணுவத்துக்கு இன்றியமையாத நிலையமாகிவிட்டது. விளைவு, 1910 ஜனவரி முதல் நாளிலிருந்து உரிமை மேலும் 70 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

அதே ஆண்டில் கோபுரம் நேரக் குறிப்பு ஒலிபரப்பத் தொடங்கியது. நடுக்கடலில் இருக்கும் கப்பல்கள் அதை வைத்துத் தங்கள் கடிகாரங்களைச் சரிசெய்தன. முதல் உலகப் போர் மூண்டபோது ஜெர்மானியப் படைகளின் செய்திகள் இந்தக் கோபுரத்தில் ஒட்டுக் கேட்கப்பட்டன. 1914 செப்டம்பரில் பாரிஸை நோக்கி வந்த படைகளை மார்ன் ஆற்றங்கரையில் தடுத்து நிறுத்திய போரில், அப்படிக் கிடைத்த தகவல்கள் உதவின. இடிக்கலாமா என்ற பேச்சுக்கு அதன் பின் எங்கே இடம்? 1920-களில் வானொலி, 1935-இல் தொலைக்காட்சி என்று வேலை வளர்ந்துகொண்டே போனது. கடைசியாக 2022 மார்ச்சில் ஹெலிகாப்டரின் உதவியோடு புதிய மின்னியல் வானொலி அலைக்கம்பம் ஒன்று பொருத்தப்பட்டது. அதனால் கோபுரத்தின் உயரம் 330 மீட்டரானது.

மலேசிய வாசகர்களுக்கு இது அந்நியமான விஷயமன்று. 1996-இல் திறக்கப்பட்ட 421 மீட்டர் கோலாலம்பூர் கோபுரம், தொலைத்தொடர்புக்காகவே திட்டமிட்டுக் கட்டப்பட்டு, கூடவே சுற்றுப்பயணிகளையும் ஏற்றிக்கொண்டது. பாரிஸில் நடந்தது தலைகீழ். வேடிக்கை பார்க்கக் கட்டிய கோபுரம், வேலை கிடைத்துத் தப்பியது.

நகரத்தின் முகமாக அது மாறியது அதன் பிறகுதான். 1940-இல் ஜெர்மானியர்கள் பாரிஸுக்குள் நுழைந்தபோது லிஃப்டின் வடக்கயிறுகள் துண்டிக்கப்பட்டிருந்தன. உச்சியில் தங்கள் கொடியைக் கட்ட வந்த ஜெர்மானிய வீரர்கள் நடந்துதான் ஏற வேண்டியிருந்தது. 1944 ஆகஸ்ட் 25-ஆம் தேதி நகரம் விடுபட்டபோது பிரெஞ்சுக் கொடியை மறுபடியும் ஏற்றியவர், 1940-இல் அதே கொடியை இறக்கும்படி பணிக்கப்பட்ட தீயணைப்பு அதிகாரி. இரும்புக் கோபுரம் தேசத்தின் மானமாகிவிட்டதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு அதையே நகரத்துக்கு மானக்கேடு என்றுதான் கண்டனக் கடிதம் எழுதினார்கள்.

முதல் தளத்துக்குக் கீழே நாலாபக்கமும் 72 பிரெஞ்சு அறிஞர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கோபுரம் உபயோகமற்றது என்ற குற்றச்சாட்டுக்கு ஈபிளின் இன்னொரு பதில் அது. அந்த 72 பேரில் ஒரு பெண்கூட இல்லை. தகடுகள் அழுத்தத்தில் எப்படி வளைந்து அதிரும் என்று ஆராய்ந்து பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்ற சோஃபி ஜெர்மேன் என்ற கணித மேதையின் பெயரும் விடுபட்டுவிட்டது. பெண் அறிவியலாளர்களின் பெயர்களையும் சேர்க்கப் போவதாகப் பாரிஸ் நகராட்சி அறிவித்தது 2025-இல்தான்!

துருவோடு ஓயாத போராட்டம்

கோபுரம் தேனிரும்பால் ஆனது, எஃகால் அன்று. தேனிரும்பு நெடுங்காலம் உழைக்கும், ஒரே நிபந்தனையின் பேரில்: அதன் மேல் சாயம் இருக்க வேண்டும். சாயம் உரிந்த இடத்தில் ஈரம் பட்டால் துரு அரிக்கத் தொடங்கிவிடும். கோபுரத்தின் ஆயுள் சாயத்தைப் பொறுத்தது என்பதை ஈபிளே எழுதி வைத்துவிட்டுப் போனார். ஏறத்தாழ ஏழு ஆண்டுகளுக்கு ஒரு முறை, சுமார் 60 டன் சாயம், அதுவும் கையால், தூரிகை கொண்டு பூசப்படுகிறது. பூசுவதிலும் ஒரு தந்திரம் உண்டு. அடியில் கருமை கூடிய நிறம், மேலே போகப்போக வெளிறிய நிறம் என மூன்று சாயல்கள். வானத்தின் பின்னணியில் முழுக் கோபுரமும் ஒரே நிறமாகத் தெரிவது இதனால்தான். தொடக்கத்தில் செந்நிறம், பிறகு மஞ்சள் கலந்த பழுப்பு, 1968 முதல் கோபுரத்துக்கென்றே கலக்கப்பட்ட பழுப்பு என்று நிறமும் மாறி வந்துள்ளது.

இத்தனை செலவைப் பார்த்து, கோபுரத்தை விற்றுவிட்டால்தான் என்ன என்று யாராவது கேட்டால் நம்பும்படியாகவே இருந்த காலமும் உண்டு. 1925-இல் விக்டர் லுஸ்டிக் என்ற மோசடிப் பேர்வழி, தன்னை அரசாங்க அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, பராமரிக்க முடியாததால் கோபுரத்தை இரகசியமாக விற்கப் போவதாகப் பழைய இரும்பு வியாபாரிகளை நம்பவைத்தான். ஒருவரிடம் பணத்தையும் கறந்துவிட்டான். ஏமாந்தவர் வெட்கத்தால் போலீசுக்கே போகவில்லை. அந்தப் பொய் விலை போனதற்குக் காரணம், அதிலிருந்த ஒரு துளி உண்மை.

அந்தத் துளி இன்றும் காயவில்லை. இருபதாவது முறையாகச் சாயம் பூசும் வேலை 2019-இல் தொடங்கியது. 1907-ஆம் ஆண்டின் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தையே மறுபடியும் கொண்டுவருவது என முடிவாயிற்று. இம்முறை பழைய அடுக்குகளைச் சில பகுதிகளில் முழுமையாகச் சுரண்டி எடுக்கவும் திட்டமிட்டார்கள். சுரண்டியபோது வெளிவந்தது ஈயம். முற்காலத்துச் சாயங்களில் கலந்திருந்த அந்த நச்சுப் பொருளின் தூசு அளவுக்கு மீறியதால் 2021-இல் வேலை நின்றது. அதற்கிடையே கோவிட் பெருந்தொற்றால் கோபுரமே பல மாதங்கள் மூடிக் கிடந்தது, வருமானம் போயிற்று. 2022 ஜூலையில் பிரெஞ்சு வார இதழ் ஒன்று, கோபுரம் மோசமாகத் துருப்பிடித்திருப்பதாக நிபுணர்கள் எழுதிய இரகசிய அறிக்கைகளைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. பழைய சாயத்தை முற்றிலும் அகற்றிச் சீர்செய்ய வேண்டும் என்பது நிபுணர்களின் கருத்து. 2024 ஒலிம்பிக் நெருங்கிக்கொண்டிருந்ததால், பெரும்பகுதிக்கு மேல்பூச்சோடு விட்டுவிடுகிறார்கள் என்பது அந்தச் செய்தியின் சாரம்.

கோபுரத்தில் வேலை செய்பவர்களும் இதையே வேறு விதமாகச் சொன்னார்கள். 2023 டிசம்பர் 27-ஆம் தேதி, ஈபிள் மறைந்து சரியாக நூறு ஆண்டுகள் நிறைவடைந்த நாளில், அவர்கள் வேலைநிறுத்தம் செய்து கோபுரத்தை மூடினார்கள். இத்தகைய நூற்றாண்டு அஞ்சலியை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 2024 பிப்ரவரியில் மறுபடியும் ஆறு நாட்கள் கதவு திறக்கவில்லை. சம்பளம் மட்டும் பிரச்சினையன்று. வருகையாளர் எண்ணிக்கையை அளவுக்கு மீறிக் கணக்கிட்டு நகராட்சி அதிகப் பணத்தை எடுத்துக்கொள்கிறது, பராமரிப்புக்கு மிஞ்சுவது போதவில்லை என்பது தொழிற்சங்கங்களின் புகார். 2031 வரை சுமார் 380 மில்லியன் யூரோவை முதலீடு செய்வது என்ற உடன்பாட்டுக்குப் பிறகே கோபுரம் திறந்தது.

அந்தப் பணம் எங்கிருந்தாவது வர வேண்டும் அல்லவா? 2024 ஜூனில் கட்டணம் 20 விழுக்காடு உயர்ந்தது. லிஃப்டில் உச்சி வரை செல்லப் பெரியவர்களுக்கு 29.40 யூரோவாக இருந்தது 35.30 யூரோவானது. அதே ஆண்டு ஒலிம்பிக்கில் வென்றவர்களுக்கோ கோபுரத்தின் ஒரு துணுக்கு இலவசமாகவே கிடைத்தது. பழுதுபார்த்தபோது கழற்றிச் சேமித்து வைத்திருந்த இரும்பிலிருந்து, ஒவ்வொரு பதக்கத்திலும் 18 கிராம் பதித்திருந்தார்கள்.

மற்றவர்களுக்குச் சிக்கனமான வழி படிக்கட்டு. இரண்டாம் தளம் வரை 674 படிகள். லிஃப்டைவிடக் கட்டணம் குறைவு. மூச்சு வாங்கினாலும், காய்ச்சி அடித்த தறையாணிகளையும் அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் சாயத்தையும் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்துக்கொண்டே ஏறலாம்.